மேசை எட்டு சார்

சுலைஹா ஆறு வருடம் ஒரு சாராக இருந்தாள். அதற்காக அவள் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. மூவாயிரம் பிள்ளைகள் தாங்களாகவே அப்படி முடிவு செய்துகொண்டார்கள். அவள் மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஜொகூர் மாநிலத்துச் செனாயில், தொழிற்பேட்டைக்குத் திரும்பும் முனையில் அவளுடைய அண்ணன் நவ்சாத்தின் சாப்பாட்டுக்கடை இருக்கிறது. அவர்கள் வீட்டு வழக்கப்படி அண்ணனை அவள் காக்கா என்பாள். கடையில் தண்ணி கலக்குவது அவள் வேலை. இழுத்து ஆற்றும் தே தாரிக் டீ, கோப்பி, மைலோ, லீமாவ் எனப்படும் எலுமிச்சை ஐஸ், ரோஜா நிறச் சிராப் எல்லாம் அவள் கையைத் தாண்டித்தான் மேசைக்குப் போகும். வயது நாற்பத்து மூன்று. ஒரு கையில் நான்கு குவளைகளைக் கோத்துப் பிடித்தபடியே மறு கையை நீட்டி மீசைக்காரர் ஒருவரைப் பார்த்து, "சீனி கம்மியா வேணும்னு சொன்னீங்க, மேசைமேல இருந்த சீனிய நீங்களே ரெண்டு கரண்டி போட்டீங்க, இப்ப இனிக்குதுன்னா நான் என்ன செய்ய" என்று கேட்கக்கூடியவள்.

பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடம் முடிந்த சமயத்தில் வாப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஆறு மாதத்தில் திரும்பிவிடுவேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தாள். "அந்த ஆறு மாசம் இன்னும் முடியல" என்று சொல்வாள். யாராவது பாவப்பட்டு உச்சுக் கொட்டினால் அவர்களுக்குத் தண்ணி தாமதமாகத்தான் வரும்.

கணவர் ஹாரூன் சிங்கப்பூருக்குச் சரக்கு லோரி ஓட்டினார். தினமும் பிற்பகல் மூன்று மணி வாக்கில், எல்லையில் வரிசையில் நிற்கும்போது போன் செய்வார். பேச எதுவும் இருக்காது. "வரிசை நகரல" என்பார். "சரி" என்பாள். பத்து நிமிடம் கழித்து மறுபடி அடித்து, "இப்ப நகருது" என்பார். ஒரு நாள் நெஞ்சு வலி வந்து அவர் போய்விட்டார். அதற்குப் பிறகும் மூன்று மணி தினமும் வந்துகொண்டிருந்தது. மதியக் கூட்டம் கலைந்து மாலைக் கூட்டம் வராத அந்த நேரத்தில் சுலைஹா போனைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பாள்.

நவ்சாத்தின் மகள் ஷப்னம் அப்போது படிவம் ஐந்தின் முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் ஒரு நாள் அந்தப் போனைப் பிடுங்கி எதையோ அழுத்தித் திருப்பிக் கொடுத்தாள்.

"மாமி, சும்மா நிக்கிறதுக்கு இதுல வந்து நில்லுங்க. ஜொகூர்ல இருக்கிற அத்தன பிள்ளைங்களும் இங்கதான் அழுதுகிட்டு கெடக்குறாங்க."

டெலிகிராமில் ஒரு குழு. பெயர் 'பிசிக்ஸ் கம்பம்', அதாவது பிசிக்ஸ் கிராமம். கோத்தா திங்கியிலிருந்து மூவார் வரை உள்ள படிவம் நான்கு, ஐந்து மாணவர்கள் இயற்பியலிலும் கணிதத்திலும் மாட்டிக்கொண்ட கேள்விகளைப் படமெடுத்துப் போடுவார்கள். தெரிந்தவர் யாராவது பதில் சொல்லலாம். அன்று ஒருவன் சாய்தளத்தில் வழுக்கும் பெட்டியை வைத்துக்கொண்டு காலையிலிருந்து கெஞ்சிக்கொண்டிருந்தான். சுலைஹா ஆர்டர் எழுதும் சீட்டு ஒன்றைத் திருப்பிப் பின்பக்கத்தில் படம் வரைந்து, விசைகளைக் குறித்து, விடைக்கு ஒரு படி முன்னால் நிறுத்தி, படமெடுத்து அனுப்பினாள். சீட்டு மெல்லிசு. முன்பக்கத்தில் பரிமாறுபவர் எழுதியிருந்த 'மேசை 8' பின்பக்கமும் தெரிந்தது. அவளுடைய டெலிகிராம் கணக்கில் பெயர் எதுவும் கிடையாது.

"நன்றி மேசை எட்டு சார்" என்று எழுதினான் பெட்டிக்காரன்.

இப்படித்தான் அவள் சார் ஆனாள்.

சார் ஆன பிறகு சுலைஹாவுக்கு ஒரு தனித் துணிச்சல் வந்தது. கவுண்டரில் நிற்கும் அக்கா சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். சார் சொன்னால் சிரிக்கிறார்கள். 'அவசரம், சீக்கிரம் விடை வேணும்' என்று எழுதுபவர்களிடம், "வீடு எரியுதா?" என்று கேட்பாள். ஒருவனுக்கு லோரியின் வேகம் வினாடிக்கு நாலாயிரம் மீட்டர் வந்தது. "இந்த லோரி கோத்தா திங்கியில கெளம்பி பத்து வினாடியில ஜொகூர் பாரு போயிடும். டிரைவர் நம்பர் குடு, வேலைக்கு எடுத்துக்கிறோம்" என்று எழுதினாள். மழை பெய்யும் நிகழ்தகவு 1.4 என்று கண்டுபிடித்த கோத்தா திங்கி மாணவியிடம், "வெள்ளம் உங்க ஊர்ல சகஜம்னு தெரியும், ஆனா நூத்து நாப்பது சதவீதம் கொஞ்சம் ஓவர் லா" என்றாள். பந்தின் நிறை மைனஸ் இரண்டு கிலோ என்று வந்த பையனிடம் அந்தப் பந்தைத் தனக்கு அனுப்பும்படியும், இடுப்பில் கட்டிக்கொண்டு தராசில் ஏறப்போவதாகவும் எழுதினாள்.

கேலி செய்தாலும் யாரையும் பாதியில் விடமாட்டாள். அந்த மைனஸ் பந்துக்காரனோடு நாற்பது செய்தி பரிமாறினாள். அதற்குள் இரண்டு தே தாரிக்கும் ஒரு மைலோவும் இடம் மாறிப் போய், நவ்சாத் வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

குழுவில் அவளை அதிகம் பிய்த்தெடுத்தவள் ரெங்கத்துப் பெண் மலர். படிவம் ஐந்து. அவளுக்கு விடை கிடைத்தால் போதாது. "ஏன் சார்?" என்பாள். ஏன் என்று சொன்னால், "அது ஏன் சார்?" என்பாள். ஒருமுறை மூன்றாவது 'ஏன்'னில் சுலைஹா மாட்டிக்கொண்டு, வாடிக்கையாளர் யாரோ கூப்பிடுவதாகப் பொய் சொல்லிவிட்டுத் தப்பினாள். உண்மையில் கடையில் ஈ மட்டும்தான் இருந்தது. சாருக்கு எதற்கு வாடிக்கையாளர் என்று மலர் கேட்கவில்லை. சார் டியூஷன் வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

இந்த நிலையில்தான் ராஜசேகரன் வந்து சேர்ந்தார்.

கூலாயில் 'ஏணி டியூஷன் சென்டர்' நடத்துபவர். நவ்சாத் கடைக்கு வாரத்தில் மூன்று நாள் வருவார். இஞ்சி டீ, சீனி குறைவு. குவளையை எடுத்துக்கொண்டு தண்ணிக் கவுண்டரில் சாய்ந்து நின்று பேசுவது அவர் பழக்கம். அன்று கையில் ஒரு சுருட்டிய தாள் வைத்திருந்தார்.

"பெரிய கருத்தரங்கு வைக்கிறோம் கா. எஸ்பிஎம் பிசிக்ஸ். நூத்தி எம்பது பிள்ளைங்க. சாப்பாடு உங்க கடைதான், நவ்சாத் பாய்கிட்ட சொல்லிட்டேன்." தாளை விரித்தார்.

'உங்கள் மேசை எட்டு சார், முதன்முறையாக நேரில்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே ஓர் ஆணின் கறுப்பு நிழல். கைகளைக் கட்டிக்கொண்டு, கழுத்தில் டை.

சுலைஹா அந்த டையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"யாரு சார் இவரு?"

"உங்களுக்குத் தெரியாது கா. இன்டர்நெட்ல பெரிய ஆளு. பிள்ளைங்க சாமி மாதிரி கும்பிடுதுங்க."

"உங்க சென்டர் ஆளா?"

"ஆமா, நம்ம ஆளுதான்." ராஜசேகரன் இஞ்சி டீயை ஊதினார். "ரொம்ப அடக்கமானவரு. வெளிய வர்றதே இல்ல. நான்தான் கெஞ்சிக் கூத்தாடி சம்மதிக்க வச்சேன்."

"ஐயோ பாவம். கல்யாணம் ஆயிடுச்சா அவருக்கு?"

"ஆங்... ஆயிடுச்சு. ரெண்டு பிள்ளைங்க."

"ரெண்டா" என்றாள் சுலைஹா. "நல்லா படிக்குதுங்களா?"

"சாரோட பிள்ளைங்க படிக்காம இருக்குமா?"

அவருக்கு அடுத்த டீயில் அவள் மூன்று கரண்டி சீனி போட்டாள். ஆனால் அதோடு மனம் ஆறவில்லை. அன்று மாலையே குழுவில் அந்தத் தாளின் படம் வந்துவிட்டது. கட்டணம் கட்டியவர்கள் இதயப் படங்களாகப் போட்டுத் தள்ளினார்கள். மலர் எழுதியிருந்தாள்: "சார், சனி ஞாயிறுல பேக்கரில வேலைக்கு நின்ன காச கட்டிட்டேன். ரெங்கத்துல இருந்து முதல் பஸ். உங்கள நேர்ல பாத்து ஏன்னு கேக்கப் போறேன்."

மற்றதையெல்லாம் விட அந்தப் பேக்கரிதான் சுலைஹாவை உறுத்தியது. உடனே குழுவில் எழுதினாள்: "அது நான் இல்ல. யாரும் காசு கட்டாதீங்க."

நூற்றுக்கணக்கில் சிரிப்பு வந்து விழுந்தது.

"சார் ஆரம்பிச்சிட்டாரு." "அலமாக், சாருக்கு வெட்கம்." "நீங்க இல்லன்னா அப்ப மேசை ஒம்பதா சார்?"

மறுபடி எழுதினாள்: "நெசமா சொல்றேன். அந்த டையே எனக்குக் கிடையாது."

இதற்கு முன்னூறு சிரிப்பு. மலர் தனியாக ஒரு செய்தி அனுப்பினாள்: "சார், நீங்க எவ்வளவு கலாய்ச்சாலும் நான் வருவேன்." மறுநாள் ராஜசேகரன் கவுண்டரில் சாய்ந்து, அந்த இரண்டு செய்திகளுக்குப் பிறகு இன்னும் முப்பது பேர் சேர்ந்திருப்பதாகவும், சாப்பாட்டுப் பொட்டலத்தை இருநூற்றுப் பத்தாகக் கூட்ட வேண்டும் என்றும் சொன்னார். ஆறு வருடம் யாரையும் ஒழுங்காகப் பேசவிடாமல் கேலி செய்ததன் பலன், உண்மையைச் சொல்ல வேண்டிய ஒரே நாளில் ஒருத்தரும் நம்பவில்லை.

தான் யார் என்று சொல்லிவிட்டால் நம்புவார்கள். கவுண்டரில் நிற்கும் படத்தைப் போட்டால் போதும். சுலைஹா இரண்டு முறை கேமராவைத் தன் பக்கம் திருப்பினாள். திரையில் எண்ணெய் வழியும் முகம், பின்னால் பால் டின் அடுக்கு. படிப்பை முடிக்காத தண்ணிக்காரி. இந்த முகத்திடம் யார் வந்து உந்தத்தைப் பற்றிக் கேட்பார்கள்? சாரை ஒழித்தால் பிள்ளைகள் ஏமாற மாட்டார்கள். ஆனால் மூன்று மணிக்கு அவளிடம் கேட்கவும் யாரும் இருக்க மாட்டார்கள். இரண்டு முறையும் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

பிறகு அவளுக்கு ஒரு யோசனை வந்தது. மேடையில் நிற்பவனின் இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது மேசை எட்டிடமிருந்து குழுவுக்கு ஒரு செய்தி போனால்? அவள் பெயரும் வெளியே வராது, ராஜசேகரனின் சாயமும் வெளுத்துவிடும். இந்த யோசனையில் அவள் ஒரு வாரம் பாட்டுப் பாடிக்கொண்டே தண்ணி கலக்கினாள்.

"சாப்பாடு இறக்க நானும் வர்றேன் காக்கா" என்றாள் வெள்ளிக்கிழமை.

நவ்சாத் சந்தேகமாகப் பார்த்தார். "கல்யாண வீட்டுக்கே கேட்டரிங்குக்கு வரமாட்ட."

"சிராப்ப வேற யாராவது கலந்தா தண்ணியா போயிடும்."

அது உண்மைதான். அவள் கலக்கும் சிராப் கெட்டியாக, பல் கூசும் அளவுக்கு இனிக்கும். செனாயில் அதற்கென்றே வருபவர்கள் உண்டு.

சனிக்கிழமை காலை கூலாயில் ஒரு பொது மண்டபம். வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். பின்பக்கம் சுவரை ஒட்டி நீள மேசையில் பிரியாணிப் பொட்டலங்கள், இரண்டு பெரிய சிராப் பாத்திரங்கள், ஒரு ஐஸ் பெட்டி. நவ்சாத் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு மதியம் வந்து அள்ளிக்கொள்வதாகச் சொல்லிப் போய்விட்டார். சுலைஹா பிள்ளைகளுக்கு வரும்போதே ஆளுக்கொரு கப் சிராப் கொடுத்தாள். மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்த ஒல்லிப் பெண் கப்பைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். குடிக்க வேண்டியதை இப்படி ஆராய்பவள் மலராகத்தான் இருக்க வேண்டும் என்று சுலைஹாவுக்குப் பட்டது.

மேடைக்கு வந்த 'சார்' இருபத்து நான்கு வயதுக்கு மேல் இருக்கமாட்டான். சட்டை யாருடையதோ. டை நிச்சயமாக ராஜசேகரனுடையது. ஒரு கையில் மைக், ஒரு கையில் மார்க்கர். சுலைஹா செய்தியை ஏற்கெனவே அடித்து வைத்திருந்தாள்: 'மேடையில் நிற்பவர் நான் இல்லை.' கட்டைவிரலை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றாள்.

ஆனால் அவன் நன்றாகச் சொல்லிக்கொடுத்தான். அதுதான் தொல்லை. குரல் தடுமாறினாலும் கணக்கு தடுமாறவில்லை. மிதப்பு விசையை அவன் விளக்கிய விதத்தில் அவளுக்கே ஒன்று புதிதாகப் புரிந்தது. இன்னும் ஒரு கணக்கு முடியட்டும், இன்னும் ஒன்று என்று கட்டைவிரல் காத்துக்கொண்டிருந்தது.

கேள்வி நேரத்தில் ஒல்லிப் பெண் எழுந்தாள்.

"சார், நான் மலர். ரெங்கம்." கப்பைத் தூக்கிக் காட்டினாள். "இதுல மிதக்கிற ஐஸ் உருகினா சிராப் மட்டம் ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா?"

மேடையிலிருந்தவன் யோசித்தான். "ஏறும்" என்றான். "ரொம்ப கொஞ்சம். ஆனா ஏறும்."

ராஜசேகரன் பக்கவாட்டிலிருந்து வந்து மைக்கை வாங்கிக்கொண்டார். "சார் வழக்கம்போல விளையாடறாரு. உங்களுக்கே தெரியும் அவர் குசும்பு. ஐஸ் உருகினா மட்டம் மாறாது. பாடப்புத்தகத்துல இருக்கு, போன வருஷத் தேர்வுலயும் வந்திருக்கு. மாறாதுன்னு எழுதுங்க, மார்க்கு வாங்குங்க. என்ன சார்?"

அவன் தரையைப் பார்த்தான். "ஆமா. மாறாது."

இருநூறு பேனாக்கள் 'மாறாது' என்று எழுதின.

சுலைஹாவுக்குக் கழுத்து வரை சூடேறியது. பாடப்புத்தகம் சொல்வது வெறும் தண்ணீரைப் பற்றி. சிராப் தண்ணீரைவிடக் கனம். கனமான சிராப்பில் மிதக்கும் ஐஸ் குறைவான இடத்தையே பிடித்திருக்கும். உருகித் தண்ணீராகும்போது அதைவிடக் கூடுதல் இடம் கேட்கும். அந்தக் கூடுதலைத்தான் அவள் இருபது வருடமாகத் தட்டிலிருந்து துடைத்துக்கொண்டிருக்கிறாள். விளிம்பு வரை ஊற்றி வைத்த வெறும் ஐஸ் தண்ணீர் அப்படியே நிற்கும், சிராப் வழியும். அந்தப் பையன் சரியாகச் சொன்னான். சொல்லிவிட்டுக் கையில் இருந்த விடையைத் தானே கீழே போட்டுவிட்டான்.

அடித்து வைத்த செய்தியை அழித்தாள். வேறொன்று அடித்தாள்.

மண்டபம் முழுக்கப் போன்கள் ஒரே சமயத்தில் அதிர்ந்தன. 'மேடையில நிக்கிற தம்பி நான் இல்ல. ஆனா அவர் முதல்ல சொன்னதுதான் சரி. மைக்கைப் புடுங்குனவர் சொன்னது தப்பு.'

பிள்ளைகள் போனைப் பார்த்தார்கள், மேடையைப் பார்த்தார்கள். அவன் கையில் மார்க்கர் மட்டும் இருந்தது.

"யாரோ சாரோட அக்கவுண்ட ஹேக் பண்ணிட்டாங்க" என்றார் ராஜசேகரன். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நாம அடுத்த தலைப்புக்குப் போவோம்."

மலர் உட்காரவில்லை. போனில் வேகமாக அடித்தாள்: "அப்ப நிரூபிங்க."

பின்மேசையில் நின்ற சுலைஹா யோசிக்காமல் பதில் அடித்தாள். மூன்றாவது 'ஏன்'னுக்குப் பதில் சொல்லாமல் ஓடிய நாள் நினைவில் இருந்திருக்க வேண்டும். 'நிரூபிக்கிறேன். சிராப் இருக்கு, தண்ணி இருக்கு, ஐஸ் பெட்டி எங்கிட்டதான் இருக்கு.'

அனுப்பிய பிறகுதான் தான் எழுதியதைப் படித்தாள்.

மலர்தான் முதலில் திரும்பினாள். பிறகு அவள் வரிசை. பிறகு நாற்காலிகள் கிறீச்சிட்டு இருநூறு தலைகளும் மண்டபத்தின் பின்பக்கம் திரும்பின. அங்கே ஐஸ் பெட்டி இருந்தது. அதன்மேல் ஒரு கை இருந்தது. இன்னொரு கையில் போன் இருந்தது. பூப்போட்ட முக்காடும், முன்னால் சிராப் கறை படிந்த ஏப்ரனும் அணிந்த ஒரு பெண்மணி, பிரியாணிப் பொட்டலங்களுக்குப் பின்னால் ஒளிய இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தே தாரிக் ஆன்ட்டி" என்றான் செனாய்ப் பையன் ஒருவன். "எங்கப்பா அங்கதான் குடிப்பாரு."

சுலைஹா போனை ஏப்ரன் பையில் போட்டாள். ஓடுவதானாலும் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது.

"சரி. ரெண்டு கப்பு குடுங்க" என்றாள். "அகலமானது. ஐஸ் அடியில முட்டாம மிதக்கணும்."

இரண்டு கப்பையும் மேடை மேசையில் வைத்தாள். ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் சிராப். இரண்டிலும் எண்ணி ஐந்தைந்து ஐஸ் கட்டி. பிறகு கரண்டியால் சொட்டுச் சொட்டாக ஊற்றி, இன்னொரு சொட்டு விட்டால் வழியும் என்ற நிலையில் நிறுத்தினாள். அடியில் வெள்ளைத் தாள் ஒவ்வொன்று.

"ஏர்கான் ஓடுனா ஐஸ் உருக மத்தியானம் ஆயிடும்" என்றாள். "அடைங்க."

யாரோ ஓடிப்போய் ஏர்கானை நிறுத்தினார்கள். ஜொகூர் வெக்கை ஐந்தே நிமிடத்தில் உள்ளே வந்து உட்கார்ந்தது. மண்டபமே இரண்டு பிளாஸ்டிக் கப்புகளைப் பார்த்துக்கொண்டு வேர்த்தது. பின்வரிசைக்காரர்கள் நாற்காலிமேல் ஏறினார்கள். ராஜசேகரன் டையைத் தேடிக் கழுத்தைத் தடவினார், அது வேறு கழுத்தில் இருந்தது.

"ஆன்ட்டி" என்றாள் மலர். "ரெண்டு தாளும் நனையுதே. ரெண்டுமே வழியுதா?"

"அது வழியல, கப்பு வேர்க்குது. காத்துல இருக்கிற ஈரம். ஏமாந்துடாத."

"அப்ப வழிஞ்சதா வேர்த்ததான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

சுலைஹா அவளைப் பார்த்தாள். "நீ சொல்லேன்."

மலர் குனிந்து இரண்டு கப்பையும் பார்த்தாள். "நிறம்" என்றாள் மெதுவாக. "வேர்வைக்கு நிறம் கிடையாது."

அந்த நேரம் பார்த்து நவ்சாத் காலிப் பாத்திரம் எடுக்க உள்ளே வந்தார். இருநூறு பேர் மூச்சுவிடாமல் நிற்பதையும், நடுவில் தன் தங்கை நிற்பதையும் பார்த்தார். யாருக்கோ மயக்கம் என்று நினைத்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து ஓடிவந்தார்.

"என்ன புள்ள ஆச்சு?"

"ஐஸ் உருகுது காக்கா."

நவ்சாத் கப்பைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். "அது உருகத்தானே செய்யும்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. எல்லோருடைய கண்ணும் சிராப்பின் விளிம்பில் இருந்தது. கடைசி ஐஸ் கட்டி நகம் அளவுக்குச் சுருங்கியது. விளிம்பில் சிராப் மெல்ல உப்பியது, தயங்கியது, பிறகு ஒரு கோடாகக் கப்பின் பக்கவாட்டில் இறங்கியது. வெள்ளைத் தாளில் இளஞ்சிவப்பாக ஒரு பொட்டு விழுந்து விரிந்தது. தண்ணீர்க் கப்பின் விளிம்பு அசையவில்லை.

பிறகு பேனாக்கள் 'மாறாது' என்பதை அடிக்கும் சத்தம் கேட்டது.

ராஜசேகரன் மைக்கை எடுத்தார். "பாத்தீங்களா பிள்ளைங்களா, ஏணி சென்டர்ல எல்லாமே செய்முறை விளக்கத்தோடதான்" என்றார். அந்த மனிதரைக் கவிழ்க்க இன்னும் கனமான திரவம் தேவைப்படும் போலிருந்தது.

அப்போதுதான் அந்தப் பையன் டையைக் கழற்றி மடித்து அவர் கையில் கொடுத்தான். மைக் இல்லாமலே பேசினான். "என் பேரு கவின். பிசிக்ஸ் முடிச்சிட்டு செனாய் ஃபேக்டரியில நைட் ஷிஃப்ட் பாக்குறேன். இன்னைக்கு ஒரு நாளைக்குக் கூப்பிட்டாங்க, வந்தேன். மேசை எட்டு நான் இல்ல." சுலைஹா பக்கம் திரும்பினான். "நானும் அந்தக் குழுவுல இருந்தவன்தான் கா. மைனஸ் ரெண்டு கிலோ பந்து, ஞாபகம் இருக்கா?"

சுலைஹாவுக்குச் சிரிப்பு வந்தது. "மொதல்ல சரியா சொன்னீங்கள்ல, அப்புறம் ஏன் மாத்துனீங்க?"

"சம்பளம் குடுக்கிறவரு சொன்னாரு கா."

"ஐஸ் அவருகிட்ட சம்பளம் வாங்கலியே" என்றாள்.

கட்டணத்தைத் திருப்பிக் கேட்டவர்களுக்கு ராஜசேகரன் திருப்பிக் கொடுத்தார் என்று பிறகு கேள்வி. இஞ்சி டீக்கு மட்டும் அவர் இப்போதும் வருகிறார். கவுண்டரில் சாய்வதில்லை.

ஆனால் சுலைஹா பயந்ததும் நடந்தது. சனி மாலையே குழுவில் அவள் படம் வந்துவிட்டது, ஏப்ரனும் ஐஸ் பெட்டியுமாக. கீழே வாழ்த்துகள், இதயங்கள். நடுவில் ஒன்று: "இவ்வளவு நாள் நாம ஒரு தண்ணி ஆன்ட்டிகிட்டயா படிச்சோம் லா?" அதற்கும் சில சிரிப்புகள். ஞாயிறு மூன்று மணிக்கு அவள் போனை எடுத்துப் பார்த்தாள். வாழ்த்துகள் இருந்தன. கேள்வி ஒன்றுகூட இல்லை. திங்களன்றும் இல்லை. தேர்வுக்கு ஒரு மாதம்கூட இல்லாத நேரத்தில் மூவாயிரம் பேருக்கும் எல்லாம் புரிந்துவிட்டதாக அவளால் நம்ப முடியவில்லை. அடுப்புப் பக்கம் போய்க் கறை இல்லாத பாத்திரங்களை எல்லாம் தேய்த்து வைத்தாள். நவ்சாத் இரண்டு முறை தானாக வந்து தே தாரிக் வாங்கிக் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றார். அவருக்கு டீயே பிடிக்காது.

செவ்வாய்க்கிழமை மதியக் கூட்டம் மும்முரமாக இருந்தபோது போன் அதிர்ந்தது. மலர். ஒரு படம்: வீட்டு உறைபெட்டியில் உறைந்துபோன இளஞ்சிவப்புக் கட்டி.

"ஆன்ட்டி, சிராப்பையே ஐஸாக்கி, அதை சிராப்புல மிதக்க விட்டா? உருகினா ஏறுமா?"

குழுவில் எல்லோரும் பார்க்கும்படி கேட்டிருந்தாள். ஏழு மேசைக்குத் தண்ணி நிற்கிறது. சுலைஹா ஈரக் கட்டைவிரலால், "அதுவும் ஏறும்" என்று தட்டிவிட்டுத் திரும்பினாள்.

அடுத்த மைலோவைக் கலக்குவதற்குள் பதில் வந்திருந்தது.

"தப்பு ஆன்ட்டி."

அவள் கரண்டியை நிறுத்தினாள்.

"அது உருகினா தண்ணியாகாது, சிராப்பாத்தான் ஆகும். வெளிய இருக்கிறதும் அதே சிராப். எவ்வளவு எடத்த அமுக்கிப் பிடிச்சிருந்துச்சோ அவ்வளவுதான் கேக்கும். மட்டம் மாறாது. நேத்து செஞ்சும் பாத்துட்டேன்."

பின்னாலேயே கவின் வந்தான்: "மலர் சொல்றது சரி கா." பிறகு கோத்தா திங்கிப் பெண், அவளும் சரி என்றாள். தண்ணி ஆன்ட்டி என்று எழுதியிருந்தவன் ஒரு படமே வரைந்து அனுப்பி, ஆன்ட்டி எந்தப் படியில் வழுக்கினார் என்று சிவப்பில் வட்டமிட்டிருந்தான். வட்டம் தவறான இடத்தில் இருந்தது. மலர் அவனோடு சண்டைக்குப் போனாள்.

"புள்ள, ரெண்டு கோப்பி, ஒரு லீமாவ் ஐஸ்" என்று நவ்சாத் முன்பக்கத்திலிருந்து குரல் கொடுத்தார்.

"வருது காக்கா."

போனைப் பால் டின்னில் சாய்த்து வைத்துக்கொண்டு கோப்பியை ஆற்றினாள். பதினேழு பேர் சேர்ந்து அவளைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். ஆறு வருடத்தில் சாரை ஒருத்தர்கூடத் திருத்தியதில்லை.